பதினெட்டு அங்குலம்

பெருங்குடி தாண்டி, முள்வேலி ஓரமாக,
ஆறு சிறிய விமானங்கள் குடியிருக்கும் தகர ஹேங்கர்.
பறக்கக் கற்றுத்தரும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம்.
காலை பத்தரைக்கே கூரை சூட்டில் டக் டக்கென்று நெளிகிறது.
நான் தீயைக் கணக்கெடுக்க வந்தவள்.
இன்னும் வராத தீயை.

மதுரையில் நின்று தீ என்று சொன்னால்
எல்லோரும் அந்த ஒரே கதையைத்தான் எடுக்கிறார்கள்.
மேலாளர் பாஸ்டினும் எடுத்தார், சிரித்தார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை சார், என்றேன்.

இருக்கும் கட்டங்கள்:
வாய்ப்பு, ஒன்று முதல் ஐந்து.
நட்டம், ஒன்று முதல் ஐந்து.
பெருக்கி, பன்னிரண்டைத் தாண்டினால் சிவப்பு மை.

முப்பத்தெட்டு அடி உயரத்தில் தண்ணீர்க் குழாய்கள்.
கீழே எரிவது மேலே சுடுவதற்குள்
இறக்கையில் பாதி போயிருக்கும்.
புகையைக் காட்டிக்கொடுக்கும் கருவியின் மேல்
புறா ஒன்று சுள்ளி அடுக்கியிருக்கிறது.
சிவப்பு வாளிகள் எட்டு. மணலுக்குள்
பீடித் துண்டு, பூனையின் சொத்து,
ஒன்றில் மட்டும் துளிர்த்த வேப்பங்கன்று.
"அது தானா மொளச்சது மேடம்" என்றார்
மெக்கானிக் சேவுகப்பெருமாள், நான் கேட்பதற்கு முன்பே.

அடுத்து நுரை.
போன ஐப்பசியில் இடி இறங்கி
தீயே இல்லாமல் டாங்கி திறந்துகொண்டதாம்.
நாலே நிமிடம். விமானங்களின் மூக்கு மட்டும்
வெள்ளைக்கு மேலே தெரிந்ததாம்,
"கம்மாயில கெடக்குற எருமைக மாதிரி."
அணைக்க ஒன்றும் கிடைக்காத நுரை
வாய்க்கால் பிடித்துக் கண்மாய்க்கே போனது.
மறுநாள் கெண்டை மிதந்தது. நிஜ எருமைகள்
வாய் வைக்கவில்லை.
கேட்டு வந்தவர்களிடம்
சோப்புத் தண்ணி என்று சொல்லி அனுப்பினார்களாம்.

நுரை வேண்டும் என்று எழுதினால் கண்மாய்.
வேண்டாம் என்று எழுதினால் இந்த ஆறும்.
ஃப்ளோரின் கலக்காத நுரை உண்டு; அதற்கொரு விலையும் உண்டு.
அல்லது தரையைச் சாய்த்து, குறுக்கே காடி வெட்டி,
சிந்துவது தேங்காமல்
வெளியே ஒரு மூடிய குழிக்கு ஓடவைக்கலாம்.
பாஸ்டின் தரையைப் பார்த்தார்,
தன் வீட்டுக் கூடத்தை உடைக்கச் சொன்னதுபோல.

பெட்ரோல் ஆவியைப் பற்றி இங்கே
யாருக்கும் சரியான பயம் இல்லை.
ஆவிதானே, மேலே போய்விடும் என்கிறார்கள்.
அது காற்றைவிடக் கனம்.
தரையோடு தவழும். பள்ளம் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.
அதனால்தான் பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே
ஒரு பிளக் கூட இருக்கக் கூடாது என்கிறது விதி.

டேப்பை இழுத்து அளந்துகொண்டே போனேன்.
வடகிழக்கு மூலையில், ஒன்பது அங்குலத்தில், ஒரு பிளக்.
அதில் செல்போன் சார்ஜர். வயர் போய் முடிகிற இடத்தில்
நைலான் நாடா பின்னிய கட்டில்,
மடித்த கைலி, பவுடர் டப்பா.
எதற்கென்று தெரியாமல் கட்டிலையும் அளந்தேன்.
பதினாறு. ஆள் படுத்தால்
தொய்ந்து பதினாலு.

ஆறு மணிக்கு இரவுக் காவலர் ஒச்சப்பன்
தூக்குச்சட்டியோடு வந்தார்.
கட்டிலை வெளியே போடணும் என்றேன்.
"வெளிய கொசு."
ஆவியைச் சொன்னேன்.
"வாட வருமே, தெரியாமலா போகும்?"
"தூங்கிட்டிருப்பீங்களே."
போனில் பேசிக்கொண்டிருந்த பாஸ்டினை ஒருமுறை பார்த்துவிட்டு,
குரலை இறக்கி,
"காவக்காரன் தூங்குறான்னு
எழுதிக் குடுக்கப் போறீகளா?" என்றார்.

பேனாவை மூடினேன். திறந்தேன்.
மூலையில் ஒரு கட்டில், என்று மட்டும் எழுதினேன்.
டயர்களுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவில்,
மற்ற எரிபொருட்களோடு.
வாய்ப்பு: மூன்று.

நட்டத்தை ரிங் ரோட்டில்,
வைக்கோல் லாரிக்குப் பின்னால் நின்றபோதுதான் நிரப்பினேன்.
என்ன எண் என்று பாஸ்டின் இதுவரை கேட்கவில்லை.
பிளக்கை உயர்த்த எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.
நானூற்றைம்பது ரூபாய், என்றேன்.